கொடி இறங்கும்வரை

அட்மிரலுக்குக் கப்பல்காரர்கள் வைத்திருந்த பெயர் கல்லுமூஞ்சி. மீசை முளைக்காத வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து, பீரங்கி அதிகாரியாகி, ஒரு ஓட்டைக் கப்பலுக்குத் தலைவனாகி, போர் மூண்ட வருஷம் மொத்தப் படைக்கும் பொறுப்பேற்றவர். இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து எவனும் பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்வார்கள். அது சுத்தப் பொய். மருமகன் பார்த்திருக்கிறான். வீட்டில் சீட்டாடும்போது மகன் சின்னவன் திருட்டாட்டம் ஆடி மாட்டிக்கொண்டால், அந்தக் கல்லு மூஞ்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

மருமகனும் கடற்படைதான். அட்மிரலின் தலைமைக் கப்பலில் கொடி அதிகாரி. அந்த வேலையில் இருந்ததால் அட்மிரலின் மகள் கிடைத்தாள் என்று சிலரும், மகளைக் கட்டியதால் வேலை நிலைத்தது என்று சிலரும் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கப்பலில் அவனுக்குக் 'கொடி மாப்பிள்ளை' என்றே பெயர் நின்றுவிட்டது. மாமனாரோ இதில் மகா கண்டிப்பு. வீட்டில் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பவர், கப்பலில் கால் வைத்ததும் "டேய், தூரக்கண்ணாடியத் தொடைச்சியா?" என்பார். மருமகனும் கப்பலில் 'சார்', கரையில் 'மாமா' என்று நாக்கை மாற்றி மாற்றிப் பழக்கிவைத்திருந்தான்.

சின்னவனை மட்டும் அவர் தன் கப்பலில் ஏற்றவில்லை. அவன் இயந்திரம் படித்தவன். முன்னால் போய் வேவு பார்க்கும் சின்னக் கப்பலில் போட்டார்கள். அத்தை, அதாவது அட்மிரலின் மனைவி, மருமகன் எதிரிலேயே கேட்டுவிட்டாள். "மாப்பிள்ளை உங்க கப்பல்ல இருக்கலாம், பெத்த பிள்ளை இருக்கக் கூடாதா?"

"ஒருத்தனுக்கே ஊரு சிரிக்குது. ரெண்டு பேரையும் மடியில வெச்சுக்கிட்டா போர் பண்ணச் சொல்ற?" என்றார் அட்மிரல். சின்னவன்தான், "விடும்மா, அப்பா கப்பல்ல தூங்கக்கூட முடியாது" என்று சமாதானம் செய்தான்.

இனி கொடி விஷயம். கடலில் கப்பல்கள் ஒன்றின்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும்போது, எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டுமென்றால் தலைமைக் கப்பலின் கம்பத்தில் அதற்கான கொடிகளை ஏற்றுவார்கள். ஏற்றியவுடன் யாரும் திரும்பிவிடக் கூடாது. ஏறிய கொடிக்கு 'தயாராக இரு' என்று மட்டும்தான் பொருள். மற்றக் கப்பல்களும் அதே கொடியை ஏற்றி, 'பார்த்துவிட்டோம், தயார்' என்று காட்டும். பிறகு எல்லாக் கண்களும் தலைமைக் கப்பலின் கம்பத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கொடி எந்த நொடி இறங்குகிறதோ, அந்த நொடிதான் கட்டளை. கேள்வி கேட்காமல் எல்லாம் திரும்பும். இதைச் சின்னக் குழந்தையும் விளையாட்டாகக் கற்றுக்கொள்ளும். இதில்தான் அத்தனை பேர் உயிரும் தொங்குகிறது என்று யார் கண்டார்கள்?

அன்று காலை பனிப்படலம் விலகியதும் எதிரிக் கப்பல்கள் குறுக்கே நின்றன. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு. முதல் குண்டுகளில் ஒன்று தலைமைக் கப்பலின் வயர்லெஸ் அறையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்தது கொடி ஒன்றுதான். நேரே போனால் மொத்தப் படையும் ஒவ்வொன்றாய்ப் போய் அடிவாங்கிச் சாக வேண்டியது. அட்மிரலுக்கு அது சட்டென்று புரிந்தது.

"எல்லாரும் ஒண்ணா வலப்பக்கம் திரும்பணும். ஏத்து" என்றார்.

மருமகன் கையைக் காட்டினான். கொடி மாலுமி கயிற்றை இழுத்தான். கொடிகள் படபடவென்று மேலே போயின. பின்னால் வந்த கப்பல்கள் எல்லாம் பதில் கொடியை ஏற்றின. எல்லாரும் தயார். இனி அட்மிரல் வாயைத் திறந்து 'இறக்கு' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மாலுமி மருமகன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகன் அட்மிரலின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாய் திறக்கவில்லை. அட்மிரல் தூரக்கண்ணாடியை முன்பக்கம் திருப்பி அப்படியே உறைந்து நின்றார். புகைக்குள்ளிருந்து வேவுக்கப்பல் வெளியே வந்துகொண்டிருந்தது. இயந்திரத்தில் அடிபட்டு, ஆவி பீறிட, நொண்டி நொண்டி வந்தது. வரிசையோடு வந்து ஒட்டிக்கொண்டால் பிழைக்கும். வரிசை இப்போது திரும்பிவிட்டால் அது தனியாக எதிரியின் வாயில் நிற்கும். மருமகனுக்கும் அது தெரிந்தது. அவனுக்குச் சின்னவன் மச்சான் மட்டுமல்ல, சிநேகிதனும்கூட.

"இறக்கட்டுமா சார்?"

"இரு."

எதிரி சும்மா இருப்பானா? வரிசையில் இரண்டாவதாக வந்த கப்பல்தான் படையிலேயே பழசு. மாலுமிகள் 'பெரியக்கா' என்று கூப்பிடுவார்கள். அதன் நடுவில் ஒரு குண்டு விழுந்தது. அடுத்ததும் அங்கேயே விழுந்தது. பெரியக்காவின் வயிற்றிலிருந்து தீ கிளம்பியது. அந்த நிலையிலும் அதன் கம்பத்தில் பதில் கொடி பறந்துகொண்டிருந்தது. திரும்பாமல், கட்டளைக்குக் காத்து, எரிந்துகொண்டே பின்னால் வந்தது.

"சார், பெரியக்கா எரியுது."

"எனக்குக் கண்ணு இருக்கு."

"இறக்கிடலாம் சார். தாங்காது."

"இறக்காத. சின்னவன் வந்து சேரட்டும்."

மருமகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பலில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை. தன் காது கேட்டதைத் தானே நம்ப முடியாமல் அவரைப் பார்த்தான். கல்லு மூஞ்சியில் கன்னச்சதை துடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் ஒரு தப்புக் கணக்குப் போடாத மனுஷன், ஒரு பிள்ளைக்காக ஒரு படையையே நிறுத்திவைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது கம்பத்தின் பக்கம் குண்டு வெடித்தது. மருமகன் கீழே விழுந்து எழுந்தான். கொடி மாலுமி எழவில்லை. மருமகன் தோள்மேல் ஏதோ ஈரத்துணி போலச் சரிந்தது. கையால் தள்ளிவிட்டுப் பார்த்தான். கொடி. இரும்புத் துண்டு ஒன்று கயிற்றை அறுத்துவிட்டுப் போயிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் இங்கே விழுந்தது கட்டளை.

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாக் கப்பல்களும் திரும்பிக்கொண்டிருந்தன. கையால் இறக்கினாலும் கயிறு அறுந்து விழுந்தாலும் தூரத்தில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கீழே சுக்கான் பக்கம் நின்ற கேப்டனும் தலைமைக் கப்பலைத் திருப்பிவிட்டார். பாதித் திருப்பத்தில் இருக்கும் கப்பல்களை மறுபடி நிறுத்தினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

அட்மிரல் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "மாப்பிள்ளை, யாரு இறக்கச் சொன்னது?" என்று கேட்டார். கப்பலில் அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. மருமகன் அறுந்த கயிற்றின் முனையைத் தூக்கிக் காட்டினான். அட்மிரல் அதைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, தனியாக நின்றுவிட்ட வேவுக்கப்பலை, அது மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெரியக்காவாலும் திரும்ப முடியவில்லை. சுக்கான் எரிந்துபோயிருக்க வேண்டும். நேராகவே போய் நீரில் அமிழ்ந்தது. மற்றவை தப்பின. மறுநாள் அதிகாலையில், வெற்றி மயக்கத்தில் சிதறிக் கிடந்த எதிரியை அதே படை பின்பக்கமாகப் போய் அடித்து நொறுக்கியது. வேவுக்கப்பல் நின்ற இடத்தில் எண்ணெய் மட்டும் மிதந்தது.

கரைக்கு வந்து இறங்கியபோதுதான் ஊரில் என்ன பேச்சு என்று இருவருக்கும் தெரிந்தது. ஊரே துறைமுகத்தில் நின்றது. பேப்பரில் அட்மிரலின் படம் அரைப்பக்கத்துக்கு. 'பெற்ற பிள்ளையையும் பாராத பெருந்தளபதி' என்று தலைப்பு. கொடியை அவ்வளவு நேரம் பிடித்துவைத்து, எதிரியைக் கிட்ட வரவிட்டு, துளியும் முந்தாமல் துளியும் பிந்தாமல் இறக்கினாராம். அந்தப் பொறுமையை இனிக் கடற்படைப் பள்ளியில் பாடமாக வைக்க வேண்டுமாம். கரையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குப் பேனா என்ன கனமா? படித்த மருமகன் பேப்பரைக் கசக்கி எறிந்தான்.

"மாமா, நடந்தத நாம சொல்லிடணும்" என்றான், அறையின் கதவைச் சாத்திவிட்டு.

அட்மிரல் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட பொத்தானையே கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "ஊரு என்ன சொல்லுதோ அதுவே இருக்கட்டும்" என்றார்.

மருமகன் முகத்தில் ஈயாடவில்லை. இவரா? ஒரு மாலுமி தொப்பியைத் தொலைத்துவிட்டுப் பொய் சொன்னதற்கு வாரக்கணக்கில் அவன் முகத்தில் விழிக்காதவரா? "பதவிக்காகவா மாமா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

அவர் கோபப்படவில்லை. "பெரியக்காவுல செத்தவங்களுக்கு எல்லாம் வீடு இருக்கு மாப்பிள்ளை. என் பிள்ளைக்காகத்தான் உங்க பிள்ளைங்கள எரியவிட்டேன்னு வாசல் வாசலா போயி யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

அது மட்டும்தான் காரணமா என்றால், இல்லை என்றுதான் அவனுக்குத் தோன்றியது. பயமும் இருந்திருக்கும், வெட்கமும் இருந்திருக்கும், அடுத்து வரப்போகும் பெரிய நாற்காலியும் ஒரு மூலையில் இருந்திருக்கும். மனுஷ மனசு ஒரு காரணத்தோடு நிற்கிற சரக்கா?

வீட்டில் அத்தை கூடத்தின் நடுவில் நின்றாள். அழுது வீங்கிய முகம் இல்லை. காய்ந்துபோன முகம். பக்கத்தில் மகள், மருமகனின் மனைவி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அட்மிரல் தொப்பியைக் கழற்றுவதற்குள் அத்தை பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். திரும்பறதுக்கு முன்னாடி, அவனுக்காகக் கொஞ்சமாவது காத்திருந்தீங்களா?"

சொல்லிவிடப் போகிறார் என்று மருமகன் நினைத்தான். ஊருக்கு ஆயிரம் சொல்லலாம், பெற்றவளிடமாவது சொல்லாமல் இருப்பாரா? காத்திருந்தேன் என்ற ஒரு வார்த்தை போதும், அவள் அவர் மேல் சாய்ந்து அழுதுவிடுவாள்.

"இல்ல" என்றார் அட்மிரல்.

மருமகனுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. அத்தை உள்ளே போய் ஒரு பையில் நாலு துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப்பிறகு மருமகன் வீட்டில் அத்தை வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்தாள். துணி மடித்தாள், பாத்திரம் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கணவன் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அட்மிரலை நாட்டின் மொத்தக் கடற்படைக்கும் தலைவராக்கினார்கள். பதவியேற்பு விழாவுக்கு மனைவியும் வர வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஆள்மேல் ஆளாக வந்தார்கள்.

"பிள்ளையைக் குடுத்து வாங்கின நாற்காலி. அவரே உக்காந்துக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

விழாவுக்கு முந்தைய நாள் மருமகனால் பொறுக்க முடியவில்லை. அத்தை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நிலைப்படியில் நின்றபடியே சொன்னான்.

"அத்தை, மாமா உங்ககிட்ட பொய் சொன்னாரு. அவர் கொடிய இறக்கச் சொல்லவே இல்ல. கயிறு அறுந்து விழுந்துடுச்சு. சின்னவன் வந்து சேரட்டும்னு அவர் காத்துக்கிட்டுதான் இருந்தாரு. என் காதால கேட்டேன்."

கத்தி நின்றது. அத்தையின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து மருமகனுக்கே அழுகை வந்தது. "நிஜமாவா மாப்பிள்ளை? அவன் பேரைச் சொன்னாரா?" என்றாள். "சொன்னார் அத்தை" என்றான். அத்தனை நாள் வராத கண்ணீர் அப்போது வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்பாடா என்று மருமகன் மூச்சு விட்டான். அவசரக்காரன். கடற்படைக்காரனின் பெண்டாட்டியாக ஆயுள் முழுக்க இருந்தவளுக்குக் கொடிக் கணக்குத் தெரியாதா?

அழுகை சட்டென்று நின்றது. "கொடி மேலயே இருந்துச்சுன்னா, பின்னாடி வந்த கப்பல் எதுவும் திரும்பியிருக்க முடியாதே" என்றாள்.

மருமகன் விழித்தான்.

"பெரியக்கா எப்போ தீப்பிடிச்சுது?"

பொய் சொல்ல நினைத்தான், வரவில்லை. "காத்திருந்தப்போதான் அத்தை" என்றான்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் மகனைக் கைவிட்டான் என்று கேட்டபோதுகூட அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, வெங்காயத் தோலின் நடுவில் உட்கார்ந்து, வெறித்துப் பார்த்தாள். கடைசியில், "அவங்க வீட்டுக்காரங்களும் நாளைக்கு வருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"வருவாங்க அத்தை. எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க."

"அப்போ நானும் வரேன்."

அன்று முழுக்க மருமகன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. அத்தை மேடையேறிக் கத்திவிட்டால்? இதுதான் இவர் நின்ற லட்சணம் என்று நூறு தாய்மார் முன்னால் சொல்லிவிட்டால்? சொன்னால் தப்பு என்றும் அவனால் நினைக்க முடியவில்லை.

விழா மண்டபத்தில் அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அட்மிரல் மேடையிலிருந்து அவளைக் கண்டதும் தடுமாறிப்போனார். உறுதிமொழி படிக்கையில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தார். அத்தை அசையவில்லை. கைதட்டல், பேச்சு, மறுபடி கைதட்டல். முடிந்ததும் காபி கொடுக்கும் நேரத்தில் அட்மிரல் இறங்கிவந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மருமகன் இரண்டடி தள்ளி நின்றான்.

அப்போது ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இரவல் வாங்கிய சேலை போல, கொசுவம் நிற்காமல் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. வந்தவள் அட்மிரலை விட்டுவிட்டு நேரே அத்தையின் கையைப் பிடித்தாள்.

"என் பையன் பெரியக்காவுல இருந்தான்மா. பாய்லர் அடுப்பறையில வேலை. ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"எங்க தெருவுல ஒருத்தன் வேற கப்பல்லேருந்து வந்திருக்கான். கொடி ரொம்ப நேரம் மேலயே நின்னுச்சுன்னு சொல்றான். ஐயா உங்க பிள்ளைக்காகத்தான் நிறுத்தி வெச்சாருன்னு வாய்கூசாம பேசறான். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லம்மா. உங்க பிள்ளையும் போயிட்டான், என் பிள்ளையும் போயிட்டான், எல்லாருக்கும் ஒரே நியாயம்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். நீங்க பெத்தவ, பொய் சொல்ல மாட்டீங்க. ஐயா நெஜமாவே காத்திருந்தாரா?"

மருமகனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அட்மிரலின் உதடு பிரிந்தது. சொல்லத்தான் போகிறார், சந்தேகமே இல்லை. அந்த முகத்தில் இப்போது கல்லே இல்லை. "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தார்.

அத்தை அவரைப் பேசவிடவில்லை. அந்த அம்மாளின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்த்துச் சொன்னாள்.

"இல்லம்மா. இவர் யாருக்காகவும் நிக்கற ஆளில்ல. பெத்த பிள்ளைக்காகக்கூட ஒரு நொடி நிக்கல."

மருமகன் அதிர்ந்துபோய் அத்தையைப் பார்த்தான். எந்த ஒரு சொல்லுக்காக இவள் இத்தனை நாள் செத்துப் பிழைத்தாளோ, அந்தச் சொல் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. அதைத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டு நின்றாள்.

அந்த அம்மாள் அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "இது போதும்மா, இது போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுது ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அட்மிரலை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா நீங்கதான்மா பாவம்" என்றாள் அத்தையிடம், அவருக்குக் கேட்டாலும் கவலையில்லை என்பதுபோல. "சொந்தப் பிள்ளைக்குக்கூட நிக்காத மனுஷனோட எப்படித்தான் காலம் தள்ளப் போறீங்களோ."

"தள்ளித்தானே ஆகணும்" என்றாள் அத்தை.